செல்லத்தாயின் விரல்

சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது செல்லத்தாய் ஒவ்வொன்றாகத் தூக்கி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலுக்குக் கீழே ஆட்காட்டி விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு "உண்டு" என்பாள், அல்லது "இல்ல" என்பாள். உண்டு என்று சொன்ன கோழி மறுநாள் முட்டையிடும் வரைக்கும் பஞ்சாரக் கூடைக்குள் கிடக்கும். இல்லை என்று சொன்னது விடிந்ததும் மேயப் போகும். எல்லாக் கோழியையும் பார்த்து முடித்தபின் விரலை முருங்கைத் தூரில் துடைத்து, கிணற்றடியில் கை கழுவிவிட்டு விளக்கேற்றப் போவாள்.

மில்லர்புரத்தில் அந்த வளவுக்குள் குடியிருந்த எல்லாருக்கும் அந்த இரண்டு சொல்லும் பழக்கம். எதிர்வீட்டு அற்புதமணி, பாவாடை கட்டிய வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது "உண்டு" என்று சத்தம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு அவளும் விளக்கைத் துடைக்க எழுந்திருப்பாள்.

செல்லத்தாய்க்கு ஊர் உடன்குடிப் பக்கம். புருஷன் தாணுலிங்கம் பனையேற்றத்தை விட்டுவிட்டுத் துறைமுக ரோட்டில் பெட்டிக்கடை போட்டபோது, ஒரு ஓலைப்பெட்டியில் துணியும் இன்னொன்றில் கோழியுமாக பஸ்ஸில் வந்து இறங்கியவள். அந்தக் கோழியின் வம்சம்தான் வளவெல்லாம் மேய்ந்தது. மகன் வீரபாகு ஊரிலேயே ஆச்சி வீட்டில் இருந்து படித்தான், லீவுக்குத்தான் வருவான். யார் வீட்டில் சுகமில்லை என்றாலும் முதலில் கஞ்சியோடு போய் நிற்கிறவள் அவள்தான். ஆனால் தான் செய்தது பிசகு என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை திருச்செந்தூருக்கென்று தப்பான பஸ்ஸில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் போய் இறங்கினாள். கண்டக்டர்தான் பஸ்ஸை மாற்றி விட்டுவிட்டான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தாணுலிங்கம் சிரிப்பார்.

"ஏளா, எனக்கு நாளைக்கி யாவாரம் உண்டா இல்லையான்னும் தொட்டுப் பாத்துச் சொல்லேன்" என்பார்.

"ஒமக்கு என்னைக்கும் இல்லதான். அதுக்குத் தொட்டு வேற பாக்கணுமாக்கும்."

விரலைப் பற்றி மட்டும் யாரும் கேலி பேச முடியாது. அது பொய்த்ததே கிடையாது.

புதுத் துறைமுகம் திறந்ததற்கு மறு வருஷம். அற்புதமணி பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஜேசுபாதம் தருவைகுளத்துக்காரர், சங்கு குளிக்கிறவர். அம்மா செத்துப் பல வருஷம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்து முடித்தால் எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். படித்து முடித்தபின் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும்தான்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இண்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் ஜேசுபாதம் கடற்கரையிலிருந்து திரும்பும்போது ஒரு நாட்டு முட்டை வாங்கி வந்தார். காலையில் அற்புதமணி வெள்ளைக்கருவைத் தலையில் தேய்த்துக் குளித்தாள். மஞ்சள்கருவைக் குசினியில் அப்பாவுக்குப் பொரித்து வைத்தாள். ஓட்டைக் கிணற்றடிச் சாம்பல் குவியலில் போட்டாள்.

முந்தின சாயங்காலம் செல்லத்தாய் சாம்பல் நிறக் கோழியைத் தொட்டுப் பார்த்து "உண்டு" என்று சொல்லியிருந்தாள். மற்றக் கோழிகள் அடைக்குப் படுத்தும் குஞ்சு மேய்த்தும் இருந்த சமயம். முட்டையிட்டுக் கொண்டிருந்தது அது ஒன்றுதான். காலையில் தாணுலிங்கம் கடைச் சாமான் ஏற்றும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பஞ்சாரத்தின் மேலிருந்த கல்லை எடுத்துப் போய்விட்டார். கோழி பஞ்சாரத்தைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டது. செல்லத்தாய் பார்க்கும்போது ஜேசுபாதம் வீட்டு விறகடுக்குப் பின்னாலிருந்து அது நடந்து வந்துகொண்டிருந்தது. பஞ்சாரத்தடியில் முட்டை இல்லை. விறகடுக்குப் பின்னாலும் இல்லை. சாம்பலில் ஓடு கிடந்தது.

"ஏளா அற்புதம்" என்று கிணற்றடியில் நின்று கூப்பிட்டாள். உள்ளங்கையில் ஓடு. "நேத்து நான் உண்டுன்னு சொன்னேன்லா. கேட்டியா இல்லையா?"

"கேட்டேன் சித்தி."

"அப்போ முட்ட எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்குத் தெரியாமலா ஓடு இங்கன கிடக்கு?"

"அது அப்பா வாங்கிட்டு வந்த முட்ட. கடற்கரையில இருந்து வாரப்போ..."

"கடக்கரையில மீன்தான விப்பாவ. எப்பம் இருந்து முட்ட விக்காவ?"

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்து வளவின் கடைசி வீட்டில் இருப்பவள். "காலேஜ் பிள்ளைக்கி முடி இந்த மினுங்கு மினுங்குதேன்னு காலையிலயே நெனச்சேன்" என்றாள்.

அற்புதமணிக்குத் தலை கொதித்தது. ஈரமுடியிலிருந்து இன்னும் முட்டை வாடை வருவது போலிருந்தது. எதையோ சொல்லித் தப்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில், சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"ஒங்க விரல் தப்பாப் பாத்திருக்கலாம்லா சித்தி."

பேச்சித்தாய் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டாள். செல்லத்தாய் ஓட்டைச் சாம்பலில் போட்டாள்.

"என் விரலு தப்பாப் பாக்காது. கேட்டிருந்தா ரெண்டாக் குடுத்திருப்பேன். கேக்காம எடுக்க எங்க படிச்ச?"

அத்தனை வருஷமாகச் சரியாகவே சொல்லிவந்த விரல் ஒரு பக்கம். நேற்று வரை எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருந்ததைத் தவிர வேறெதுவும் இல்லாத அற்புதமணி இன்னொரு பக்கம். யாரை நம்புவார்கள் என்பது அவளுக்கே தெரிந்தது. இண்டர்வியூவில் கேட்ட கேள்விக்கெல்லாம் ஏதோ சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் தன் தலைமுடி வாடை அடிக்குமோ என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தது மட்டும் நினைவிருந்தது.

அன்று சாயங்காலம் ஜேசுபாதம் இன்னொரு முட்டை வாங்கி வந்தார். தன் வீட்டுக்குள் வராமல் நேரே போய்ச் செல்லத்தாய் வாசற்படியில் அதை வைத்துவிட்டு வந்தார்.

"அப்பா, அந்த முட்டைய வாங்கினது நீங்கதான? நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"நான்தான் வாங்கினேன்னு சொன்னா யாரும்மா நம்புவா? பெத்த மகளுக்கு அப்பன் பரிஞ்சு பேசுதான்னுதான் சொல்லுவாவ." அவர் காதைத் தட்டிக்கொண்டார். முங்கி முங்கி அந்தக் காதில் எப்போதும் தண்ணீர் நிற்பது போலிருக்கும். "ஒரே கிணறு. நாளைக்கும் அங்கதான போய் வாளியப் போடணும். ஒரு முட்டையோட போகட்டும்."

எதிர்வாசலில் செல்லத்தாய் முட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து பேச்சித்தாயிடம் சொல்வது கேட்டது. "பாத்தியா, திரும்பி வந்துட்டு."

அதோடு முடிந்தது. அதுவரை ஒருவேளை எடுத்திருக்க மாட்டாளோ என்று நினைத்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நடந்தது என்ன என்று தனக்குத் தெரிந்தால் போதாதா, ஊருக்கும் தெரிய வேண்டுமா என்று அற்புதமணி தன்னையே கேட்டுப் பார்த்தாள். போதவில்லை.

சாம்பல் கோழி அன்று மேயப் போகவில்லை. முருங்கையடியில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. இரை போட்டாலும் எழுந்திருக்கவில்லை. முட்டையை எங்கேயோ இட்டுவிட்டு இப்போது அடைகாக்க உட்கார்ந்திருக்கிறது என்று செல்லத்தாய் முடிவு கட்டினாள். அடை தெளிய வைக்க ஒரு வழக்கம் உண்டு. கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, மூக்குத் துவாரத்தில் இறகைச் சொருகி விடுவார்கள். செல்லத்தாய் கிணற்றுத் தொட்டியில் கோழியைக் கழுத்து வரை முக்கினாள். அதன் சிறகிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி மூக்கில் குறுக்கே சொருகித் தனிப் பஞ்சாரத்தில் போட்டாள். அடைக்கோழிக்கு முட்டை ஏது? அதனால் அன்று சாயங்காலம் அதை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மறுபடியும் முக்கினாள்.

அற்புதமணி தன் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி வளர்ப்பு பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அடைக்கோழி கிட்டே போனால் கொக்கரித்துச் சீறும் என்பது அந்த வளவில் எல்லாருக்கும் தெரியும். இது வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. சிறகு இரண்டும் தரையில் இழுபட்டன. நாலு எட்டு வைத்து நின்று, காலை அகட்டி, வாலை ஏற்றி இறக்கி முக்கியது. பிறகு மறுபடியும் உட்கார்ந்தது. சித்தி, தண்ணியில முக்காதிங்க என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முட்டை எடுத்தவள் இப்போது கோழிக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று பேச்சு வரும். வாசலை விட்டு இறங்கவில்லை. கோழி நனைந்த துணிபோல வெயிலில் கிடந்தது.

சாயங்காலம் பேச்சித்தாய் தன் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போய்விட்டாள். தாணுலிங்கம் கடையில் இருந்தார். ஜேசுபாதம் மாதா கோயிலுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தார். செல்லத்தாய் சாம்பல் கோழியைத் தூக்கி மடியில் போட்டுத் தடவினாள். கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. அடிவயிறு கையில் தட்டியதோ, வெறும் பழக்கத்தினால்தானோ, விரல் வாலுக்குக் கீழே போனது.

போன விரல் அங்கேயே நின்றது.

அற்புதமணி காத்திருந்தாள். உண்டு என்ற சொல் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. செல்லத்தாய் தலையை நிமிர்த்தி எதிர்வாசலைப் பார்த்தாள். அங்கே அற்புதமணி நிற்பதைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் அற்புதமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முற்றத்தைத் தாண்டிப் போனாள்.

"சித்தி, முட்ட உள்ளதான இருக்கு?"

"இருக்கு."

"அன்னைக்கி உள்ள முட்டதான?"

செல்லத்தாய் கோழியின் மூக்கிலிருந்த இறகை உருவி எறிந்தாள். "முட்டையில தேதியா எழுதியிருக்கு? இது இன்னைக்கி உள்ளதா இருக்கும்."

அற்புதமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையா, அடிக்க வந்த கோபமா என்று தெரியவில்லை. அதற்குள் கோழி ஒரு தடவை முனகியது. கோழி முனகி அவள் கேட்டதே இல்லை. செல்லத்தாயின் முகம் மாறியது.

"ஏளா, செத்துரும் போலிருக்கே. என்ன செய்யட்டும்?"

அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டு அற்புதமணி பார்த்ததில்லை. மாட்டாஸ்பத்திரி அடைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. இருவரும் அடுப்பில் தண்ணீர் வைத்தார்கள். உப்புப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் சட்டியில் ஊற்றிக் கோழியை உட்கார வைத்தார்கள். இரண்டு நாளாகக் குளிர்ந்த தண்ணீரில் முக்கியதை நினைத்தோ என்னவோ, செல்லத்தாய் அடிக்கடி கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தாள். கோழி கண்ணை மூடிக்கொண்டது. சூடு ஆறியதும் துடைத்து மடியில் போட்டு விளக்கெண்ணெய் எடுத்தார்கள்.

"என் விரலு மொத்தமா இருக்கு. ஒன் விரலு சின்னது. நீ பாரு" என்றாள் செல்லத்தாய்.

அற்புதமணி விரலை எண்ணெயில் முக்கி மெல்ல விட்டாள். உள்ளே வெதுவெதுப்பு. கொஞ்ச தூரத்திலேயே வழவழவென்று கெட்டியாகத் தட்டியது. இத்தனை வருஷமாகச் செல்லத்தாய் தொட்டதை முதல் தடவையாக அவள் தொட்டாள். முட்டையைச் சுற்றி எண்ணெயைத் தடவினாள். செல்லத்தாய் மேலிருந்து வயிற்றைப் பையப் பைய அமுக்கினாள். கோழி முக்கும்போது முட்டையின் முனை வெள்ளையாகத் தெரியும். ஒரு சின்னக் காசு அளவு. முக்கலை நிறுத்தியதும் உள்ளே போய்விடும்.

"வந்துரு தாயி, வந்துரு" என்று செல்லத்தாய் கெஞ்சினாள். கோழியையா முட்டையையா என்று தெரியவில்லை.

அற்புதமணியும் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். மாதாவே, உடையாமல் வர வேண்டும். முழு முட்டையாக வந்தால் அதைக் கிணற்றுச் சுவரில் வைக்கலாம். பேச்சித்தாய் வந்ததும் காட்டலாம். அன்னைக்கி நீங்க சொன்ன முட்ட இந்தா இருக்கு, எங்கயும் போகல என்று சொல்லலாம். தேதி இல்லாவிட்டால் என்ன, பார்த்தால் புரியாதா? கோழிக்காகவா இதைச் செய்கிறோம், முட்டைக்காகவா என்ற கேள்வி வந்தது. கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள்.

இருட்டி விளக்கேற்றும் வரை இதே பாடு. முனை தெரிந்து தெரிந்து உள்ளே போனது. கோழிக்கு முக்கவும் வலு இல்லாமல் போனது. கொண்டையின் சிவப்பு மங்கி ஊதாவாகியது.

"ஏளா, ஒடச்சிரு" என்றாள் செல்லத்தாய்.

"என்ன?"

"முட்டைய ஒடச்சி எடுத்துரு. இல்லேன்னா தாங்காது."

அற்புதமணி அவள் முகத்தைப் பார்த்தாள். விளக்கு பின்னால் இருந்ததால் கண் தெரியவில்லை. கோழிக்காகச் சொல்கிறாளா? உடைந்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது, அதற்காகவா? கோழி மேல் உயிரை வைத்திருந்தவள்தான். பஸ் கண்டக்டர் மேல் பழியைப் போட்டவளும் அவள்தான். இரண்டும் அந்த ஒரே முகத்தில் இருந்தது. கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியுமா?

"சித்தி, ஒடச்சா உள்ள ஓடு குத்திராதா?"

"குத்தலாம். குத்தாமயும் போவலாம்."

கோழி மறுபடி முனகியது. அற்புதமணி தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி விளக்கில் சுட்டாள். முனை ஒரு தடவை வெளியே தெரிந்தபோது குத்தினாள். முதலில் வெள்ளைக்கரு நூலாக வந்தது. பிறகு மஞ்சள் அவள் மணிக்கட்டு வழியாக வழிந்து செல்லத்தாயின் சேலையில் இறங்கியது. ஓட்டைத் துண்டு துண்டாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் செல்லத்தாய் வாங்கி வாங்கித் தரையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள், ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று. ஒரு சில்லு குறைவதுபோல் இருந்தது. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை.

கோழி தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. கிண்ணத்துத் தண்ணீரில் அலகை வைத்து இரண்டு மடக்குக் குடித்தது. "பொழச்சிட்டு" என்றாள் செல்லத்தாய். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கப் போட்டாள். அற்புதமணி வாசலில் நின்றாள். இப்போது சொல்வாள் என்று நினைத்தாள். ஒரு சொல்தானே.

"கைய சீயக்காய் போட்டுக் கழுவு. நாத்தம் போவாது" என்றாள் செல்லத்தாய்.

விடியும்போது கோழி செத்துக் கிடந்தது. தாணுலிங்கம் முருங்கைக்கு அந்தப் பக்கம் குழி தோண்டினார். கறி வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவும் இல்லை. முட்டை ஓடு வைத்திருந்த இடம் சாணி போட்டு மெழுகியிருந்தது.

கொடை முடிந்து வந்த பேச்சித்தாய் கிணற்றடியில் கேட்டாள். "சாம்பக்கோழி எங்க அக்கா?"

"அடை தெளியாம செத்துப்போச்சு" என்றாள் செல்லத்தாய்.

அற்புதமணி வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். தானே சொல்லிவிடலாம். சொன்னால் அந்த ஓடு எங்கே, யார் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். அதைவிட, தான் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டும். கயிறு கையில் ஓடியது. செல்லத்தாய் கிணற்றடியை விட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செல்லத்தாய் செய்ததையெல்லாம் சொல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். ஜேசுபாதத்துக்குக் காதில் ரத்தம் வந்து கடலுக்குப் போக முடியாமல் கிடந்தபோது தினமும் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். அற்புதமணிக்கு ஒரு வழியாக வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் கொண்டுவந்தாள். முருங்கை காய்த்தால் முதல் காய் எதிர்வீட்டுக்குத்தான். வேறு கோழிகள் முட்டையிட்டபோது ஓலைக் கொட்டானில் முட்டை கூட வந்தது. அற்புதமணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லாம் வந்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சாயங்காலம் கோழிகளைத் தொட்டுப் பார்ப்பதை அவள் விடவில்லை. ஆனால் உண்டு, இல்லை என்று சத்தமாகச் சொல்வது நின்றுவிட்டது. தனக்குள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கோழியைத் தூக்குவாள். வளவில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அற்புதமணி மட்டும் புத்தகத்தை மூடும் நேரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். இதுதான் அந்தச் சொல்லா, இதையே வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா என்று யோசிப்பாள். சில நாள் சரி என்று தோன்றும். கிணற்றடியில் தான் வந்ததும் யாராவது பேச்சை மாற்றினால் சரி இல்லை என்று தோன்றும்.

தாணுலிங்கம் இறந்தபின் மகன் வீரபாகு வந்து அம்மாவை ஆறுமுகநேரிக்கு அழைத்துப் போனான். அங்கே கம்பெனியில் அவனுக்கு வேலை. கிளம்புகிற அன்று செல்லத்தாய் அற்புதமணியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். விரலைத் தடவினாள். வாயைத் திறந்தாள்.

"முருங்கைக்கித் தண்ணி ஊத்து" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்துச் செத்த செய்தி வந்தது. அற்புதமணி பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். வழியெல்லாம் உப்பளம். செல்லத்தாய் பந்தலுக்கடியில் சிறுத்துப்போய்க் கிடந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த வலது ஆட்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அற்புதமணி அழுதாள். வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது.

வீரபாகு கடுங்காப்பியோடு வந்தான். பக்கத்தில் நின்ற மனைவியிடம், "மில்லர்புரத்துல எங்க எதுத்த வீட்டு அற்புதம் அக்கா. டீச்சரா இருக்காவ" என்றான்.

அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடும் சிரிக்கப் பார்த்தாள். கெட்ட எண்ணம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"தெரியுமே, முட்ட அக்காதான? அத்த ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல. தங்கமான பிள்ள, என்னமோ அன்னைக்கி ஒரு முட்டைக்கி ஆசப்பட்டுட்டா, அதுக்காவ நான் அம்புட்டுப் பேசியிருக்கக் கூடாதும்பாவ. அத நெனச்சு நெனச்சு வருத்தப்படுவாவ."

அற்புதமணியின் கையில் காப்பி சுட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த முட்ட..." என்று தொடங்கினாள்.

அதற்குள் உடன்குடியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எழுந்தது. மருமகள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு அவர்களை எதிர்கொள்ள ஓடினாள். வீரபாகுவும் போய்விட்டான். சொல்ல வந்ததைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அற்புதமணி பெண்களுக்கு வழி விட்டு, பந்தல் காலோரமாக ஒதுங்கி நின்றாள்.